வாசகசாலைப் பழைய தாள்கள்: லேமினேஷன் போடலாமா, வேறு வழி உண்டா?

வாசகசாலை_செயலர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலை 1930களில் தொடங்கியது. மாடி அறையில் இரண்டு இரும்பு பீரோ, ஒரு மர அலமாரி நிறையப் பழைய காகிதம். தீர்மானப் புத்தகங்கள், சந்தாக் கணக்கு நோட்டுகள், ஆண்டுவிழாப் பேச்சாளர்கள் எழுதிய கடிதங்கள், நாடக நோட்டீஸ், கட்டடத்தின் மூலப்பத்திரம், இரண்டாம் உலகப் போர்க்காலப் பத்திரிகைக் கட்டுகள் எல்லாம் இருக்கின்றன. பத்திரிகைகளின் ஓரத்தைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. சில நோட்டுகளைப் பூச்சி அரித்திருக்கிறது. மேற்குச் சுவரை ஒட்டியுள்ள பீரோவைத் திறந்தாலே பூசண வாடை.

வெளிநாட்டில் இருக்கும் பழைய உறுப்பினர் ஒருவர் இதற்கென்றே 40,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். தலைவர் முடிவே செய்துவிட்டார்: முக்கியமான தாள்களை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன், மீதிக்கெல்லாம் பைண்டிங். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஏன் கூடாது என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி. விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

டிஜிட்டல்_தம்பி

ஒரு நல்ல ஸ்கேனரும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள் சார். அப்புறம் தாள் இருந்தால் என்ன, போனால் என்ன? இன்னும் இருபது வருஷத்தில் அந்த பீரோவை யார் திறக்கப் போகிறார்கள்?

எழும்பூர்_ஓய்வு

தம்பிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் லேமினேஷன். செயலர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை வேறெதுவும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

கடையில் செய்வது என்ன? இரண்டு பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே தாளை வைத்து, 100 டிகிரிக்கு மேல் சூடான உருளைகளுக்குள் விடுகிறார்கள். படலத்தின் உட்பக்கப் பசை உருகித் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். பிறகு பிரிக்க வழியில்லை. பிரித்தால் எழுத்தும் படலத்தோடு உரிந்து வரும். தாளில் ஏற்கெனவே இருக்கும் அமிலமோ உள்ளேயே அடைபட்டுத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மூலப்பத்திரத்துக்கு இன்னும் மோசம்: அழுத்து முத்திரை தட்டையாகிவிடும், கைரேகையையும் மையையும் யாரும் பரிசோதிக்க முடியாது.

ஜெராக்ஸ் கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெரிய காப்பகங்களே இந்தக் குழியில் விழுந்தவைதான். அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்பவர் 1930களில் செல்லுலோஸ் அசிட்டேட் படலத்தைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் தாளோடு ஒட்டும் முறையைக் கொண்டுவந்தார். அந்த இயந்திரமே இல்லாமல் ஒட்ட, நம் நாட்டில் டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் வேறு வழி கண்டுபிடித்தது. தாளின் மேல் அசிட்டேட் படலம், அதன் மேல் மெல்லிய டிஷ்யூ தாள், அசிட்டோனில் நனைத்த பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு துடைப்பு. அவ்வளவுதான், ஒட்டிக்கொள்ளும். பார்க்க அழகான கைவேலை. பல பத்தாண்டு கழித்துத்தான் விஷயம் தெரிந்தது: அசிட்டேட்டே சிதைந்து அசிட்டிக் அமிலம் விடுகிறது, படலம் சுருங்குகிறது, தாள் விறைக்கிறது. அன்று ஒட்டியதை இன்று கழற்றுவது காப்பகங்களில் தனி வேலையாகிவிட்டது. ஆனாலும் அதை அசிட்டோனில் கரைத்தாவது எடுக்கலாம். உங்கள் ஊர்க் கடையில் போடுவதற்கு அந்த வழியும் கிடையாது.

எங்கள் ஆவணக் காப்பு வேலையில் எதைத் தொடும் முன்பும் கேட்கும் கேள்வி இதுதான்: நாளைக்கு இதைவிட நல்ல முறை வந்தால், இன்று செய்ததைக் கழற்ற முடியுமா? முடியாதென்றால் செய்வதில்லை. செல்லோடேப், ஃபெவிகால், ரப்பர் பேண்டு, ஸ்டேப்ளர் எல்லாம் இந்தக் கேள்வியில் தோற்றவை. செல்லோடேப்பின் பிளாஸ்டிக் சில வருஷத்தில் உதிர்ந்துவிடும், பசை மட்டும் தாளுக்குள் ஊறிப் பழுப்புக் கறையாக நிற்கும். அந்தக் கறையை எடுப்பது பெரும்பாடு.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

எழும்பூர் ஐயா சொன்ன அமிலம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கமிட்டியில் கட்டாயம் கேட்பார்கள்.

கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்துப் பதிவேடுகள் இன்னும் வளைத்தால் வளைகின்றன, 1940-ல் அச்சான பத்திரிகை நொறுங்குகிறது. பழையது உறுதி, புதியது மோசம். காரணம் எளிது. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதிவரை ஐரோப்பியத் தாள் பருத்தி, லினன் கந்தலில் இருந்து வந்தது. நீளமான, சுத்தமான செல்லுலோஸ் நார். செடி நாரின் அடிப்படைப் பொருள்தான் செல்லுலோஸ். 1807-ல் ஜெர்மனியில் மோரிட்ஸ் இல்லிக் என்பவர் மை ஊறாமல் இருக்கத் தாள் கூழிலேயே படிகாரமும் குங்கிலிய வகைப் பிசினும் கலக்கும் முறையை வெளியிட்டார். மலிவு, வேகம். ஆனால் படிகாரம் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். பிறகு 1840களில் கெல்லர் என்பவர் மரத்தை அரைத்தே கூழ் எடுக்கும் வழியைக் கண்டார். அந்தக் கூழில் லிக்னின், அதாவது மர நாரைப் பிணைத்துவைக்கும் பொருள், அப்படியே தங்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாவது அதனால்தான். இரண்டும் சேர்ந்ததுதான் நியூஸ்பிரிண்ட், பத்திரிகை அச்சிடும் தாள். அமிலம் செல்லுலோஸ் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. நார் குட்டையானால் தாள் மடியாது, முறியும்.

செயலரின் பத்திரிகைக் கட்டுகள் இந்த வகை. தீர்மானப் புத்தகங்கள் அநேகமாக நல்ல லெட்ஜர் தாளாக இருக்கும், அவ்வளவு அவசரமில்லை.

இந்த வெட்டு வேலை நிற்காது. வேகத்தைத்தான் குறைக்கலாம். சூடும் ஈரமும் எவ்வளவு குறைவோ அவ்வளவு மெதுவாக நடக்கும். ஏறத்தாழ 5 டிகிரி குறைத்தால் தாளின் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது துறையில் வழங்கும் தோராயக் கணக்கு.

நான் முன்பு சொன்ன இல்லிக்கின் கைங்கரியத்தை ஆராய்ந்து உலகுக்கு எச்சரிக்கை மணி அடித்தவரும் அதே பாரோதான். 1900 முதல் 1949 வரை வெளியான 500 நூல்களைச் சோதித்து, பெரும்பாலானவை அடுத்த நூற்றாண்டில் புழங்கத்தக்கதாக இருக்காது என்றார். அது கொஞ்சம் அதீதமான கணிப்பு. பல நூல்கள் இன்றும் நூலகங்களில் பிரித்துப் படிக்கும் நிலையில்தான் இருக்கின்றன. ஆனால் குளிரூட்டிய அமெரிக்க நூலகம் வேறு, நம் ஊர் மாடி அறை வேறு.

சந்தேகப்பிராணி

வாத்தியாரே, அமிலத்துக்கு மருந்து சுண்ணாம்பு என்று எட்டாம் வகுப்பிலேயே படித்தோம். சுண்ணாம்புத் தெளிநீரில் தாளை முக்கி எடுத்தால் ஆகாதா?

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

யோசனை சரி. ஆவணப் பாதுகாப்புக் கூடங்களில் கால்சியம் ஹைட்ராக்சைடு, மெக்னீசியம் பைகார்பனேட் கரைசல்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வீட்டுத் தட்டில் செய்யாதீர்கள். நொறுங்கும் தாள் நனைந்தால் தூக்கவே வராது. அதைவிடப் பெரிய ஆபத்து மை. பழைய கடிதங்களில் காப்பியிங் பென்சில் என்று ஒன்று உண்டு. பார்க்கச் சாதாரணப் பென்சில் எழுத்து மாதிரி சாம்பலாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஊதாவாகப் பரவி ஓடும். ரப்பர் ஸ்டாம்பு மை, ராயல் புளூ மை இவையும் அப்படித்தான்.

பைண்டர்_மகன்

மதுரையில் அப்பா பைண்டர். தலைவர் சொல்லும் பைண்டிங் பற்றி நான் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கு நோட்டு, பத்திரிகைத் தொகுப்பு வந்தால் கடையில் நடப்பது இதுதான். முதலில் பழைய தையலைப் பிரித்து, முதுகை ரம்பத்தால் கீறிப் புதுத் தையல். அப்புறம் மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் ஓரம் வெட்டு. புத்தகம் சதுரமாக, மொழுமொழுவென்று வரும். வாடிக்கையாளருக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதிய குறிப்பும் தேதியும் வெட்டுக்குப்பையோடு போயிருக்கும். நொறுங்கும் தாளுக்கு அதற்கு மேலும் ஒரு கேடு. இறுக்கித் தைத்த பிறகு பக்கம் படுத்து விரியாது, திறக்கும்போது தையல் ஓரத்திலேயே முறியும்.

பசை விஷயம் இன்னொன்று. மைதாவைக் காய்ச்சும்போது பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவது ஊர் வழக்கம். பூச்சி வராது என்பது நிஜம்தான்.

எழும்பூர்_ஓய்வு

பூச்சி வராது, ஆனால் துத்தம் தாமிர உப்பு. அமிலத்தன்மையும் உண்டு, தாமிரம் செல்லுலோஸ் சிதைவைத் தூண்டவும் செய்யும். பழைய பைண்டிங்குகளின் உள் அட்டை ஓரம் பழுப்பேறிக் கிடப்பதில் இதற்கும் பங்குண்டு. பாதுகாப்புப் பட்டறையில் பசை என்றால் கோதுமை ஸ்டார்ச், வேறொன்றும் கலக்காமல், அன்றன்றைக்குக் காய்ச்சியது. மைதாவில் இருக்கும் குளூட்டன் இதில் இருக்காது. கிழிசலுக்கு மேல் ஜப்பானிய டிஷ்யூவின் மெல்லிய பட்டை. அந்தப் பட்டையைக் கத்தரியால் வெட்டக் கூடாது. தண்ணீர்க் கோடு போட்டுக் கையால் பிய்த்தால் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும், அந்த நார்தான் பிடிப்பு. பின்னால் வேண்டாமென்றால் லேசாக ஈரம் காட்டினால் கழன்று வரும்.

சொல்வது ஆசை காட்ட அல்ல. கிழிசல் ஒட்டும் வேலையே இப்போது உங்களுக்கு வேண்டாம். கிழிந்த தாள் கிழிந்தபடி ஒரு உறைக்குள் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. பூசண அறையில் அதே தாளை எவ்வளவு அழகாக ஒட்டினாலும் போய்விடும். அறை முதலில், உறை இரண்டாவது, ஒட்டு வேலை கடைசி.

காரைக்குடி_மீனா

இவ்வளவு பேசுகிறீர்கள், நம் பாட்டன் பூட்டன் ஓலைக்கட்டையும் ஏட்டையும் வைத்துக் காப்பாற்றவில்லையா? தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை எல்லாம் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணி முடிச்சாக அலமாரியில் வைப்பார்களே. அதற்கு என்ன செலவு? எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இன்னும் வேப்பிலைதான்.

எழும்பூர்_ஓய்வு

முடிச்சு நல்லதுதான் அம்மா, நான் மறுக்கவில்லை. தாளைத் தொடாமல் அலமாரி மூலையில் இருக்க வேண்டும், வாசம் போனதும் மாற்ற வேண்டும். பூச்சி வராமல் தடுக்க அது உதவும். உள்ளே குடியேறிவிட்ட பூச்சியை அது கொல்லாது. வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவே வைக்காதீர்கள். காய்ந்த இலையின் அச்சு அப்படியே பழுப்பாகத் தாளில் விழும், பிறகு போகவே போகாது.

அந்துருண்டையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மூடிய அறையில் அந்தப் புகையை மூச்சில் இழுப்பவர்களுக்குத்தான் கெடுதல். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி அதைப் பெரிதாக மதிப்பதில்லை.

பூச்சி அரித்த நோட்டுகளுக்கு நிஜமான வைத்தியம் குளிர். பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, டேப்பால் அடைத்து, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போகும் டீப் பிரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லையென்றால் குளிர்ந்த தாளின் மேல் காற்றின் ஈரம் வேர்த்து உட்காரும், பூச்சியை விரட்டிப் பூசணத்தைக் கூப்பிட்ட கதையாகிவிடும். கண்ணாடி நெகட்டிவ், சட்டம் போட்ட ஓவியம் இவற்றை பிரீசரில் வைக்கக் கூடாது.

பைண்டர்_மகன்

ஐஸ்கிரீம் ஏஜென்சி வைத்திருப்பவரைப் பிடியுங்கள் செயலர் சார். ஊருக்கு ஒருவர் கண்டிப்பாக இருப்பார்.

டிஜிட்டல்_தம்பி

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வடலி

நான் பதில் சொல்லட்டுமா தம்பி? நான் யாழ்ப்பாணம். 1981 ஜூன் 1 விடியும்போது எங்கட பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பல். ஓலைச்சுவடிகளும் அதற்குள். படி எடுத்து வேறோர் இடத்தில் வைத்திருந்தது மிச்சம், வைக்காதது போனது போனதுதான். அதனால் நீங்கள் ஸ்கேன் செய்யச் சொல்வதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். 2005இல் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் நூலகம் திட்டத்தை ஆட்கள் தன்னார்வத்தில் தொடங்கியதற்குப் பின்னால் அந்த நினைப்பும் இருந்தது.

ஆனால் படி எடுத்தபின் தாளைக் கைவிடலாம் என்பது வேறு கதை. முதல் சுற்றில் எடுத்த படங்களைப் பாருங்கள், பல இடத்தில் எழுத்து மங்கல். இன்றைக்கு மறுபடி எடுக்க வேண்டுமென்றால் மூலம் இருக்க வேண்டும். தாளின் நீர்க்குறி, மை, ஓரக்குறிப்பு, எந்தக் கடிதம் எந்த உறைக்குள் இருந்தது என்பதெல்லாம் ஸ்கேனில் வராது. ஹார்ட் டிஸ்க்கைச் சும்மா ஒரு அலுமாரியில் வைத்தால் அதுவும் ஒரு நாள் எழும்பாது. தாளாவது பாதி நொறுங்கினாலும் மீதியை வாசிக்கலாம்.

டிஜிட்டல்_தம்பி

சரி, தாள் போனால் என்ன என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஸ்கேனிங்கைக் கடைசிக்குத் தள்ளுவதை ஏற்க மாட்டேன். நொறுங்கும் பத்திரிகை இன்னும் பத்து வருஷம் காத்திருக்காது.

எழும்பூர்_ஓய்வு

அதில் தம்பி சொல்வது சரி. பத்திரிகைக் கட்டுகளுக்கு மட்டும் படி எடுப்பதே முதல் சிகிச்சை. கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒற்றை ஆளாகச் சேர்த்துவைத்த பத்திரிகைகளும் நூல்களும் அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னைக்கு வந்தன. அங்கே மைக்ரோபிலிம் எடுத்ததால்தான் மூலத்தைத் தினமும் புரட்டாமல் ஆய்வாளர்களால் படிக்க முடிகிறது. படி எடுப்பதன் பெரிய லாபம் அதுதான், தாளின் மேல் கை படுவது குறையும்.

எடுக்கும்போது கட்டைப் படுக்கைவாக்கில் விரித்து மேலிருந்து கேமராவால் எடுங்கள். கண்ணாடி ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு முறியும். ஒரு பிரதி வாசகசாலையில், ஒன்று வேறு ஊரில், வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க ஓர் ஆள் பெயர் தீர்மானத்திலேயே இருக்கட்டும்.

சந்தேகப்பிராணி

ஏசி போட வேண்டுமா? 40,000-ல் ஏசி வந்துவிடுமே. வெள்ளைக் கையுறையும் வாங்கச் சொல்கிறீர்களா, டிவியில் காட்டுகிற மாதிரி?

எழும்பூர்_ஓய்வு

கையுறை வேண்டாம். துணிக் கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, நொறுங்கும் பக்கத்தைக் கிழிப்போம். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த வெறும் கை போதும். போட்டோவைத் தொடும்போது மட்டும் நைட்ரைல் கையுறை, ஏனென்றால் விரல் எண்ணெய் படத்தின் மேல் அச்சாகப் பதியும்.

ஏசி பற்றி நான் பிடிவாதமாகவே சொல்வேன்: 24 மணி நேரமும் ஓட்ட முடியாதென்றால் ஏசி போடாதீர்கள். காலை பத்து மணிக்குப் போட்டு ஐந்து மணிக்கு நிறுத்தினால், பகலில் குளிர்ந்த சுவரும் பீரோவும் இரவில் ஈரக்காற்றை இழுத்து வேர்க்கும். தினமும் தாள் சுருங்கி விரிகிறது. மிதமான சூட்டில் மாறாமல் இருப்பது இந்த ஏற்ற இறக்கத்தைவிட எவ்வளவோ மேல். பல அலுவலகங்களில் கண்ணால் பார்த்தது.

அதற்குப் பதில் சில நூறு ரூபாயில் டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்கி அந்த அறையில் வையுங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் பூசணம் பிடிக்கத் தொடங்கும். ஐப்பசி கார்த்திகையில் காலை மாலை எழுதிவைத்தால் எந்த மூலை ஈரம் என்று தானே தெரிந்துவிடும். உங்கள் மேற்குச் சுவர் பீரோ அநேகமாக மழைச்சாரல் விழும் வெளிச்சுவரை ஒட்டி நிற்கிறது. அதை முதலில் உள் சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள், சுவருக்கும் அதற்கும் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். சுவர் ஒழுகினால் கொத்தனாருக்குக் கொடுக்கும் காசும் ஆவணப் பாதுகாப்புச் செலவுதான், கமிட்டியில் யாரும் முணுமுணுக்க வேண்டாம். மர அலமாரியின் கால்களைக் கரையானுக்குப் பார்த்துவிடுங்கள். சுவரில் மண் கோடு தெரிந்தால் தாளை உடனே வெளியே எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

காரைக்குடி_மீனா

பூசணம் பிடித்ததை வெயிலில் காயவைப்போமே, ஆடிக்கு ஆடி. அதுவும் கூடாதா?

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

நேர் வெயில் கூடாதம்மா. புற ஊதாக் கதிர் தாளையும் மையையும் வெளுக்கும், லிக்னின் உள்ள தாள் ஒரே மதியத்தில் மஞ்சளாகும். காற்றோட்டமான நிழலில் விரித்துவையுங்கள், மின்விசிறி மேல்நோக்கி ஓடட்டும், தாளின் மேல் நேராக அடிக்க வேண்டாம். பூசணம் ஈரமாக இருக்கும்போது துடைத்தால் நாருக்குள் பூசிவிடுவீர்கள். நன்றாகக் காய்ந்து பொடியான பிறகு வீட்டுக்கு வெளியே, மூக்கில் என்-95 மாஸ்க்கோடு, மென்மையான பிரஷால் உங்களிடமிருந்து விலகிப் போகும்படி தட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது.

வெள்ளத்தில் நனைந்தது வேறு விஷயம். 1966 நவம்பர் 4-ல் ஆர்னோ ஆறு பெருகி ஃப்ளாரன்ஸ் தேசிய நூலகம் மூழ்கியபோதுதான் உலகமே இந்தப் பாடத்தைப் படித்தது. நனைந்த தாளில் இரண்டு நாளில் பூசணம் வந்துவிடும். அதற்குள் காயவைக்க ஆள் இல்லையென்றால் அப்படியே பையில் போட்டு உறையவைத்துவிட வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஈரத்தில் பிரிக்கவே கூடாது. 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை வீட்டுப் பத்திரங்கள் மொட்டை மாடி வெயிலில் கொடியில் தொங்கின!

வாசகசாலை_செயலர்

எல்லோருக்கும் நன்றி. உறை, பெட்டி என்றீர்களே, அதற்கு எதை வாங்குவது? அமிலமற்ற அட்டைப்பெட்டி விலை கேட்டேன், எல்லாவற்றுக்கும் போட்டால் பணம் அதிலேயே தீர்ந்துவிடும்.

எழும்பூர்_ஓய்வு

எல்லாவற்றுக்கும் வேண்டாம். கடிதங்களுக்கும் தீர்மானப் புத்தகங்களுக்கும் மட்டும் அமிலமற்ற தாள் மடிப்பும் பெட்டியும் வாங்குங்கள். கணக்கு நோட்டுகளுக்குப் பழைய ரெக்கார்டு ரூம் வழியே போதும், பஸ்தா என்னும் துணிக்கட்டு. கோரா காடாத்துணி வாங்கி, வெந்நீரில் இரண்டு முறை அலசிக் கஞ்சியை முழுக்க எடுத்துவிட்டு, காயவைத்துச் சுற்றிக் கட்டுங்கள். கஞ்சி இருந்தால் ராமபாணத்துக்கு விருந்து வைத்த மாதிரி. சாயத்துணி வேண்டாம், நனைந்தால் சாயம் இறங்கும். மேலும் கீழும் தாளைவிடச் சற்றுப் பெரிய அட்டை வைத்துக் கட்டினால் ஓரம் மடங்காது. துணி தூசியைத் தடுக்கும், வெளிச்சத்தைத் தடுக்கும், ஈரம் திடீரென்று ஏறினால் கொஞ்சம் தானே உறிஞ்சிக்கொள்ளும்.

அடிக்கடி எடுத்துக் காட்டும் தாளுக்கு மட்டும் பாலியெஸ்டர் உறை. இரண்டு பக்கம் திறந்தது, ஒட்டாதது. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பிவிசி பை வேண்டாம், புது மழைக்கோட்டு வாடை அடித்தால் பிவிசி என்று கண்டுகொள்ளலாம். அது எழுத்தை இழுத்துத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும்.

உறையில் போடும் முன் குண்டூசிகளை எடுக்க வேண்டும். துருப்பிடித்த ஊசியை அப்படியே உருவினால் துருவோடு தாள் பிய்ந்து வரும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மேலும் கீழும் ஒரு மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகுங்கள். பிறகு ஊசியை அந்தத் துண்டின் மேல் லேசாகச் சுழற்றித் துருவின் பிடியைத் தளர்த்தி, தலைப்பக்கமாக மெல்ல இழுங்கள். ஸ்டேப்ளர் என்றால் பின்பக்கக் கால்களை மழுங்கிய கத்தி நுனியால் நிமிர்த்திவிட்டு முன்பக்கம் தூக்குங்கள். சேர்ந்திருந்த தாள்களை ஒரே மடிப்புத் தாளுக்குள் சேர்த்தே வையுங்கள். எது எதோடு இருந்தது என்பது கலையக் கூடாது. எண் போடுவதென்றால் பின்பக்க மூலையில் 2பி பென்சிலில், தாளைக் கெட்டியான மேசை மேல் வைத்து, அழுத்தாமல். வாசகசாலை ரப்பர் ஸ்டாம்பை எதன் மேலும் குத்திவிடாதீர்கள், தலைவர் ஆசைப்பட்டாலும்.

பைண்டர்_மகன்

தலைவர் கண்டிப்பாக ஆசைப்படுவார்.

சந்தேகப்பிராணி

மூலப்பத்திரத்துக்கு லேமினேஷன் வேண்டாம் சரி. ஆனால் கமிட்டியில் அதைத்தான் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

எழும்பூர்_ஓய்வு

சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள். கமிட்டி புரட்டுவதற்கு அந்த நகல். மூலம் பாலியெஸ்டர் உறையில், மடிக்காமல், வேறு கட்டடத்தில் ஒரு லாக்கரில். மடிப்புக் கோட்டில் கிழியத் தொடங்கியிருந்தால் பின்பக்கம் செல்லோடேப் ஒட்ட வேண்டும் என்று யாராவது கிளம்புவார்கள், அவரைத் தடுத்துவிடுங்கள்.

வாசகசாலை_செயலர்

கமிட்டி முடிந்தது. லேமினேஷன் கிடையாது என்று தீர்மானம் நிறைவேறிவிட்டது. பைண்டர்_மகன் சொன்ன ஓரவெட்டுக் கதையைப் படித்துக்காட்டினேன், தலைவர் மௌனமாகிவிட்டார். அவர் அப்பா கையெழுத்து கணக்கு நோட்டு ஓரங்களில்தான் இருக்கிறது. மேற்குச் சுவருக்குக் கொத்தனார், ஈரமானி, காடாத்துணி, கடிதங்களுக்கு மட்டும் பெட்டி, பத்திரிகைக் கட்டுக்குக் கேமரா ஸ்டாண்டு என்று ஒதுக்கியிருக்கிறோம். டிஜிட்டல்_தம்பி பொங்கல் விடுமுறையில் வந்து சொல்லித்தருவதாகத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். ஐஸ்கிரீம் ஏஜென்சிக்காரர் முதலில் சிரித்தார், பிறகு சீசன் இல்லாத மாதம் ஒரு பெட்டி காலியாகத் தருவதாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு பேர் மட்டும் இன்னும் ஏசி வேண்டும் என்கிறார்கள். அது அடுத்த கூட்டத்துக்குப் போயிருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். அலமாரி மேலே ஒரு நாடகப் போஸ்டர் சுருட்டியபடி இருக்கிறது, விரித்தால் விறைப்பாகத் திரும்பிச் சுருண்டுகொள்கிறது. அதை இஸ்திரி போடலாமா?

எழும்பூர்_ஓய்வு

இஸ்திரியா! வேண்டவே வேண்டாம். வலுக்கட்டாயமாக விரிக்கவும் வேண்டாம், குறுக்கே வரிவரியாக முறியும். இப்போதைக்கு அதைவிட அகலமான ஓர் அட்டைக் குழாயின் வெளிப்பக்கம் அமிலமற்ற தாளைச் சுற்றி, அதன் மேல் போஸ்டரைத் தளர்வாக உருட்டி, மேலே காடாத்துணி சுற்றிப் படுக்கவைத்துவிடுங்கள். நேர்நிறுத்தினால் கீழ் ஓரம் நசுங்கும். விரிப்பதற்கு ஈரப்பதத்தை அளவாக ஏற்றும் மூடிய அறையில் வைத்து மெதுவாகத் தளர்த்த வேண்டும், அதைக் கை பழகியவர் ஒருவர்தான் செய்ய வேண்டும். முதலில் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், எந்த மை என்று பார்த்துச் சொல்கிறேன்.